ஒரு நாளில் சிங்கப்பூரின் வழிபாட்டுத் தலங்கள்: சுற்றுலாப் பேருந்தா, வழிகாட்டியா, நாமே அழைத்துப் போவதா?

ஊரிலிருந்து உறவினர் வந்தால், அவர்கள் தங்கும் ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் நாம் திட்டமிடாமலே நிரம்பிவிடுகிறது. செந்தோசாவுக்கு ஒரு நாள், விலங்கியல் தோட்டத்துக்கு ஒரு நாள், கரையோரப் பூந்தோட்டத்துக்கு ஒரு மாலை, முஸ்தஃபாவில் பெட்டி நிரப்ப ஒரு நாள் என்று போய், கடைசியில் ஒரே ஒரு நாள் மிஞ்சும். அந்த நாளில்தான் பெரியவர்கள், "இங்கே கோயில், குளம் ஒன்றும் கிடையாதா?" என்று கேட்பார்கள். குளம் இல்லாவிட்டாலும் கோயில்கள் உண்டு என்பதும், அந்தக் கோயில்களுக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசலும் சீனக் கோயிலும் தேவாலயமும் இருக்கின்றன என்பதும் இங்கே வாழும் நமக்குப் பழகிப்போன செய்தி. வருகிறவர்களுக்கு அது புதிது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கு வாழும் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 31.1 விழுக்காட்டினர் பௌத்தர், 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர், 15.6 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், 8.8 விழுக்காட்டினர் தாவோ சமயத்தவர், 5 விழுக்காட்டினர் இந்துக்கள். இவ்வளவையும் ஒரே நாளில் எப்படிக் காட்டுவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கடந்த சில ஆண்டுகளில் மூன்று முறை உறவினர்களை மூன்று விதமாக அனுப்பியும் அழைத்துச் சென்றும் பார்த்திருக்கிறேன். முதல் முறை கும்பகோணத்துப் பெரியப்பா, பெரியம்மாவைச் சுற்றுலாப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். இரண்டாம் முறை தம்பி குடும்பத்தை நானே ரயிலில் அழைத்துப் போனேன். மூன்றாம் முறை, நாகப்பட்டினத்திலிருந்து வந்த அத்தைக்கும் மாமாவுக்கும் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்தினேன். மூன்றிலும் செலவு ஆனது, மூன்றிலும் பயனும் இருந்தது. ஆனாலும் அவற்றை ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது. ஏனென்று சொல்வதற்கு முன், இந்த நகரத்தில் எதைக் காட்ட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் 140ஆம் எண்ணில் நாகூர் தர்கா நிற்கிறது. 158ஆம் எண்ணில் தியான் ஹாக் கெங் சீனக் கோயில். 192ஆம் எண்ணில் அல்-அப்ரார் பள்ளிவாசல். எதிர்வரிசையில், 235ஆம் எண்ணில், சீன மெதடிஸ்ட் தேவாலயம். சில நூறு அடி நடைக்குள் நான்கும் அடங்கிவிடுகின்றன. அங்கிருந்து பத்து, பன்னிரண்டு நிமிடம் நடந்தால் சவுத் பிரிட்ஜ் ரோடு. அங்கே 218இல், சூலியா என்று இங்கே அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசல், 244இல் ஸ்ரீ மாரியம்மன் கோயில், 288இல் 2007ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட, புத்தரின் புனிதப் பல்லுக்கான கோயில். பள்ளிவாசலை ஒட்டிய தெருவுக்கு மாஸ்க் ஸ்திரீட் என்று பெயர். கோயிலின் ஒரு பக்கம் பகோடா ஸ்திரீட், மறுபக்கம் டெம்பிள் ஸ்திரீட். பகோடா என்று அந்தத் தெருவுக்குப் பெயர் வரக் காரணமே நம் மாரியம்மன் கோயில் கோபுரம்தான்.

தனித்தனியாக எடுத்துக்கொண்டால் இவற்றைவிடப் பெரிய கோயில்களையும் பழைய பள்ளிவாசல்களையும் நம் உறவினர்கள் ஊரிலேயே பார்த்திருப்பார்கள். கும்பகோணத்துக்காரருக்கு ஒரு கோபுரத்தைக் காட்டி வியப்பூட்ட முடியாது. அவர் ஊரில் பார்த்திராதது இந்த நெருக்கம். ஒருவர் வாசலிலிருந்து இன்னொருவர் வாசலுக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே போய்விடலாம் போன்ற அண்மை. எனவே எந்த ஏற்பாடு அந்த அண்மையைக் காலால் உணரவைக்கிறதோ, அது ஏன் உண்டானது என்று விளக்கவும் செய்கிறதோ, அதுவே நல்ல ஏற்பாடு என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பேருந்து. பாதி நாள் நகர் உலா என்று விற்கப்படும் பயணங்கள் பெரும்பாலும் மூன்று, நான்கு மணி நேரம் ஓடும். மெர்லயன் சிலை, பாடாங் திடல், சைனாடவுன், லிட்டில் இந்தியா என்று தொட்டுத் தொட்டுச் செல்லும். குளிரூட்டப்பட்ட வண்டி, வாசலிலேயே இறக்கிவிடுவார்கள், குடை தேட வேண்டியதில்லை. எழுபது வயதைக் கடந்த, மூட்டு வலியோடு வந்த என் பெரியப்பாவுக்கு இது பெரிய வசதி. நகரம் எவ்வளவு பெரியது, எது எங்கே இருக்கிறது என்ற வரைபடம் அவர் மனத்தில் பதிந்தது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்று மாரியம்மன் கோயில் வாசலில் பேருந்து நின்றபோது மணி பன்னிரண்டு இருபது. நடை சாத்தியிருந்தது. நம் கோயில்கள் பொதுவாக நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும் என்பதைப் பயணத் திட்டம் போட்டவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. பெரியம்மா கையில் வாங்கி வைத்திருந்த பூச்சரத்தோடு சாலையோரத்தில் நின்று, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் ஏறியிருக்கிறார். மாலையில் வீடு திரும்பியபோதும் அந்தப் பூ அவர் பையில்தான் இருந்தது. அத்தோடு, பேருந்தில் போகிறவர்களுக்குச் சவுத் பிரிட்ஜ் ரோட்டுப் பள்ளிவாசலும் கோயிலும் இரண்டு நிறுத்தங்களாகவோ, ஒரு நிறுத்தமும் ஒரு கண்ணாடி வழிக் காட்சியுமாகவோதான் கிடைக்கின்றன. அவை அடுத்தடுத்த வாசல்கள் என்பது வண்டிக்குள் இருந்து தெரிவதில்லை. நினைத்த இடத்தில் இறங்கி மறுபடி ஏறும் மாடிப் பேருந்திலும் குறை இதுவே. அதில் ஒலிப்பதிவு விளக்கத்தைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும் என்பதால், ஆங்கிலம் தெரியாத பெரியவர்களுக்கு இன்னும் தூரமாகிவிடுகிறது. மூன்று சக்கர டிரைஷாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குழந்தைகள் மகிழ்வார்கள், அது ஒரு நாளுக்கான திட்டம் ஆகாது.

நாமே அழைத்துப் போவது இரண்டாவது வழி. இதில் பணச்செலவு ஆகக் குறைவு. நீல நிற டவுன்டவுன் ரயில் தடம் ஒன்றே போதும்: சைனாடவுன், தெலுக் ஆயர், பூகிஸ், ரோச்சோர், லிட்டில் இந்தியா என எல்லா நிலையங்களும் அதே தடத்தில் இருக்கின்றன. ஊதா நிற வடகிழக்குத் தடத்தில் போனால் சைனாடவுனிலிருந்து லிட்டில் இந்தியா மூன்றாவது நிலையம். உறவினர் கையில் ஒரு பயண அட்டையைக் கொடுத்துவிட்டால் போதும்; மின்தூக்கி இல்லாத நிலையம் இல்லை.

தம்பி குடும்பத்தை அப்படித்தான் அழைத்துப் போனேன். நமக்குத் தெரிந்த இடங்களில் இந்த வழி மிக இனிமையானது. வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் தோங் ஹூட் சோ என்ற சீனக் கோயிலும், அதற்குச் சில வாசல் தள்ளி, 1870ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் இருக்கின்றன. நாங்கள் போனபோது, ஒரு சீன மூதாட்டி குவான் இம் சன்னிதியில் கும்பிட்டுவிட்டு, காய்கறிப் பையை முழங்கையில் மாட்டியபடி கிருஷ்ணன் கோயில் வாசலுக்கு வந்தார். ஊதுவத்திகளை இரு கைகளாலும் நெற்றிக்கு நேராகப் பிடித்து மூன்று முறை தாழ்ந்து வணங்கினார். வாசலில் இருந்த சாம்பல் நிறைந்த தொட்டியில் அவற்றை நட்டார். பிறகு கண்ணை மூடி எதையோ நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி மகள் என் கையைப் பிடித்து, "அத்தை, அந்தப் பாட்டி நம்ம சாமிகிட்ட சீனத்திலேயா பேசுறாங்க?" என்று கேட்டாள். அதற்கு விளக்கம் சொல்ல வழிகாட்டி தேவைப்படவில்லை. அதே தெருவின் மறுகோடியில் 1878ஆம் ஆண்டில் கட்டப்பட்ட மகாயின் அபோத் யூத வழிபாட்டுக் கூடமும் இருக்கிறது. பாதுகாப்புக் காரணமாக முன் அனுமதியின்றி உள்ளே செல்ல இயலாது, வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

சிராங்கூன் சாலையும் இப்படித்தான். வீரமாகாளியம்மன் கோயிலையும், 1855ஆம் ஆண்டு முதல் உள்ள ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலையும் நாம் காட்டுவதைவிடச் சிறப்பாக வேறு யார் காட்டிவிட முடியும்? டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் முகப்பு உச்சியில் சூரியன் போன்ற ஒரு வடிவம் இருக்கிறது. அதன் 25 கதிர்களிலும் 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அண்ணாந்து எண்ணிப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஓஃபிர் ரோட்டில் 1888ஆம் ஆண்டில் எழுந்த லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டப்பட்டது, இன்றும் அங்கே தமிழில் திருப்பலி நடக்கிறது. வேளாங்கண்ணிக்குப் போய்ப் பழகிய குடும்பமாக இருந்தால் அங்கே மனம் ஒன்றிவிடும். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் ஒரு மணி நேரம் செலவழித்தால், இங்கே நம்மவர் வந்த வரலாறு ஓரளவு பிடிபடும்.

இந்த வழியின் குறை, நம் அறிவு முடிகிற இடத்தில் தெரிந்துவிடுகிறது. தெலுக் ஆயருக்கு நான் தம்பியை அழைத்துப் போனபோது, தியான் ஹாக் கெங் வாசலில் நின்று, "இது பழைய சீனக் கோயில், ஆணி அடிக்காமல் கட்டினார்கள்" என்ற இரண்டு செய்திகளுக்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. உள்ளே இருப்பது யார், ஏன் இங்கே, பக்கத்தில் நாகூர் தர்கா எப்படி வந்தது என்று அவன் கேட்ட கேள்விகளுக்குக் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தேன். இருபது ஆண்டுகளாக இந்த ஊரில் இருந்தும் நானே அந்தக் கோயிலுக்குள் முழுதாகப் போனதில்லை என்பதும் அன்றுதான் உறைத்தது. தேசிய மரபுடைமைக் கழகம் வெளியிடும் மரபுடைமைப் பாதைக் கையேடுகளை முன்கூட்டியே படித்துக்கொண்டு போனால் இந்தக் குறை பாதி தீரும். ஆனால் முதல் நாள் இரவு விருந்தினருக்குச் சமைத்துவிட்டு உட்கார்ந்து அதைப் படிக்க எத்தனை பேருக்கு முடியும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது வழி, வழிகாட்டியோடு நடப்பது. சிங்கப்பூரில் கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றுலா வழிகாட்டியாகப் பணிபுரிய, சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் கட்டாயம். உரிம அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. தனி வழிகாட்டிகள் பொதுவாக ஆளுக்கு இவ்வளவு என்று கேட்பதில்லை, மணிக்கணக்கில் குழுவுக்கு மொத்தமாகவே கேட்கிறார்கள். இரண்டு பேருக்கு அது அதிகமாகத் தோன்றும். ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பகிர்ந்து பார்த்தால், பேருந்துக் கட்டணத்துக்கு அருகில் வந்து நிற்கும். பலர் சேர்ந்து நடக்கும் குழு உலாக்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. அவை மலிவு, ஆனால் குழுவின் வேகத்துக்குப் பெரியவர்கள் ஈடுகொடுக்க வேண்டும்.

அத்தையையும் மாமாவையும் அந்த வழிகாட்டியோடு தெலுக் ஆயரில் நிறுத்தியபோது, அவர் எந்தக் கட்டடத்தையும் காட்டவில்லை. காலடியில் இருந்த சாலையைக் காட்டி, "அம்மா, நீங்கள் இப்போது நிற்கிற இடம் கடற்கரை" என்றார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கும்வரை அலை இந்தத் தெருவின் ஓரம்வரை வந்தது. தெலுக் ஆயர் என்ற மலாய்ப் பெயரிலேயே விரிகுடா இருக்கிறது. சீனாவின் தென்கரையிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் கப்பலேறியவர்கள் வந்து இறங்கிய கரை இது. உயிரோடு வந்து சேர்ந்த நன்றிக்கு ஆளாளுக்கு ஒரு தலம் கட்டினார்கள். ஹொக்கியன் மொழி பேசும் சீனர்கள், கடலில் போகிறவர்களைக் காக்கும் தெய்வமான மாட்ஸுவுக்கு 1839 முதல் 1842 வரை தியான் ஹாக் கெங்கைக் கட்டினார்கள். நம் ஊர்ச் சூலியா முஸ்லிம்கள் அதற்கு முன்பே, 1828 முதல் 1830 வரை, கடலோடிகளின் காவலராகப் போற்றப்படும் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக தர்காவை எழுப்பிவிட்டார்கள். கடல் பயணத்தைக் காக்கும் இரண்டு நம்பிக்கைகள், ஒரே கரையில் அடுத்தடுத்து இடம் பிடித்திருக்கின்றன. அந்த ஒரு விளக்கத்துக்கே கொடுத்த கட்டணம் தகும் என்பேன்.

அத்தைக்கு அது இன்னொரு விதமாகவும் பட்டது. நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு நாகூர் கந்தூரி வெளியூர்த் திருவிழா ஆகாது. மதம் பார்க்காமல் போய் வருகிற வீடுகள் அவை. அங்குள்ள மினாராக்களில் ஆக உயர்ந்ததைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தார் என்பதைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர் அவர். இங்குள்ள தர்காவின் மூலைகளில் நிற்கும் சின்ன மினாராக்களை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "நம்ம ஊரு எஜமானை இவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்களே" என்று மாமாவிடம் மெதுவாகச் சொன்னார். அல்-அப்ரார் பள்ளிவாசலில் வழிகாட்டி, அது 1827இல் கூரைக் குடிசையாகத் தொடங்கியதால் அதற்குக் 'குச்சுப் பள்ளி' என்ற பெயர் உண்டு என்றதும், அத்தைக்கு அந்தச் சொல் உடனே விளங்கியது. குச்சு வீடு என்று நாம் சொல்லும் அதே குச்சுதான். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அந்தச் சொல் வெறும் பெயராகக் காதைக் கடந்துபோயிருக்கும்.

இங்கேதான் மொழி பற்றிய கேள்வி வருகிறது, என் கணிப்பில் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் இதுவே முதன்மையானது. ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் வழிகாட்டிகள் நிறையப் பேர் கிடைப்பார்கள். தமிழில் விளக்குபவர்கள் குறைவு, முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் கிடைக்க மாட்டார்கள். ஆங்கில வழிகாட்டி சீனக் கோயிலின் நுணுக்கங்களை இன்னும் விரிவாகச் சொல்லக்கூடும். ஆனால் நாம் அருகில் நின்று ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால், பெரியவர்கள் நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், எதிரே உள்ள தூணைப் பார்க்க மாட்டார்கள். வருகிறவர்களுக்கு ஆங்கிலம் நன்கு தெரியும் என்றால் யாரையும் அமர்த்தலாம். தெரியாது என்றால், தமிழில் பேசும் வழிகாட்டி கிடைக்கும் நாளாகப் பார்த்துத் திட்டத்தையே மாற்றிக்கொள்வது மேல்.

சவுத் பிரிட்ஜ் ரோட்டிலும் அப்படித்தான். மாரியம்மன் கோயிலை நம்மால் காட்டிவிட முடியும் என்றுதான் நினைத்திருந்தேன். 1819இல் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளைக்குக் கோயிலுக்கென முதலில் ஒதுக்கப்பட்ட இடம் தெலுக் ஆயர் பக்கம்தான் இருந்தது, அங்கே பூசைக்கு நல்ல தண்ணீர் கிடைக்காததால்தான் இடம் மாறி 1823இல் இங்கே வந்தது, 1827இல் மரமும் கூரையுமாக எழுந்தது என்பதையெல்லாம் வழிகாட்டி சொல்லித்தான் நானும் தெரிந்துகொண்டேன். ஐப்பசியில் நடக்கும் தீமிதியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்திருப்பேன். ஜாமிஆ பள்ளிவாசலில் நுழைவாயில் சாலைக்கு நேராக நிற்க, தொழுகைக் கூடம் மக்காவை நோக்கிச் சற்றே திரும்பி நிற்பதையும் அவர்தான் நின்று பார்க்கச் சொன்னார். இரண்டு எண்கோண மினாராக்களுக்கு நடுவே, குட்டிக் கதவுகளும் சன்னல்களும் கொண்ட சிறிய மாளிகை போன்ற வேலைப்பாடு இருக்கிறது. எத்தனையோ முறை அஞ்சடியில், அதாவது கட்டடங்களின் முன்னுள்ள நடைபாதையில், அதன் கீழே நடந்து போயிருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை.

வழிகாட்டியோடு நடப்பதில் குறை இல்லாமல் இல்லை. வெயில் கடுமை, பிற்பகலில் மழை வந்தால் திட்டம் கலையும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பெரியவர்களால் நடக்க முடியாது. மாமாவுக்கு மெதடிஸ்ட் தேவாலயம் வந்தபோதே கால் தளர்ந்துவிட்டது. அதன் சீனப் பாணிக் கூரையைச் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டு உணவங்காடிக்குப் போய்விட்டோம். ஒரு நாள் முழுவதற்கும் வழிகாட்டியை அமர்த்துவது பணத்துக்கும் காலுக்கும் நட்டம்.

ஆகவே இனி ஒருவர் கேட்டால் நான் சொல்லப்போவது, காலைக்கு வழிகாட்டி, மாலைக்கு நாம் என்று நாளைப் பிரித்துக்கொள்வதைத்தான். காலை எட்டரைக்கு மாரியம்மன் கோயிலில் தொடங்க வேண்டும், தெலுக் ஆயரில் தொடங்கக் கூடாது. காலையில் பார்க்கும் இடங்களில் பன்னிரண்டுக்கு நடை சாத்துவது அந்தக் கோயில் ஒன்றுதான். தியான் ஹாக் கெங் மாலைவரை திறந்திருக்கும். தரிசனம் முடித்து, ஜாமிஆ பள்ளிவாசல் பார்த்து, மெல்ல நடந்து பத்தரைக்குள் தெலுக் ஆயர் சேர்ந்துவிடலாம். சீனக் கோயிலின் உயர்ந்த வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போகச் சொல்வார்கள். நம் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், தாங்களாகவே தாண்டிவிடுவார்கள். பள்ளிவாசலுக்கென்று தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை அவசியம். பதினொன்றரை, பன்னிரண்டுக்கு அமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையத்திலோ லாவ் பா சாட்டிலோ சாப்பிட்டுவிட்டு, வழிகாட்டிக்கு விடைகொடுத்து, வீடு திரும்பி இரண்டு மணி நேரம் படுத்து எழுந்திருக்க வேண்டும். மாலை ஐந்துக்குமேல் ரயிலில் லிட்டில் இந்தியா போய், கோயில் நடை திறக்கும் நேரத்துக்கு வீரமாகாளியம்மனைப் பார்த்து, தேக்காவில் காப்பி குடித்து, முடிந்தால் வாட்டர்லூ ஸ்திரீட்வரை போய் வரலாம்.

நடக்கவே முடியாத பெரியவர்கள் இருந்தால் மட்டும் இது பொருந்தாது. அவர்களுக்கும் பேருந்துப் பயணச் சீட்டு வாங்குவதற்குப் பதிலாக, அதே பணத்தில் வாடகை வண்டி ஒன்றை அமர்த்தி மூன்றே இடத்தில் இறக்கி ஏற்றுவேன்: மாரியம்மன் கோயில், தியான் ஹாக் கெங், செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். கடைசி இடத்தை ஏன் சேர்க்கிறேன் என்றால், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பில் 1856 முதல் 1861 வரை கட்டப்பட்ட அந்த வெள்ளைப் பேராலயத்தின் சுவர்ப் பூச்சுக்குப் பெயரே மதராஸ் சுண்ணாம்பு. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, சிப்பிச் சுண்ணாம்பு, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் சேர்த்து அரைத்த பூச்சு அது. செட்டிநாட்டு வீடுகளின் முட்டைப் பூச்சுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இங்கே இரண்டு நிமிடம் நின்றால் போதும்.

கிழமையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளி நண்பகலில் பள்ளிவாசல்களில் ஜும்ஆ தொழுகைக் கூட்டம் இருக்கும், பார்வையாளராகப் போவது முறையாகாது. ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில், வாரமெல்லாம் உழைத்த நம் தொழிலாளர்கள் நண்பர்களைச் சந்திக்கும் நேரம். நெரிசலில் வயதானவர்களை நடத்திச் செல்வது கடினம். திங்கட்கிழமை இந்திய மரபுடைமை நிலையம் மூடியிருக்கும். செவ்வாயில் வீரமாகாளியம்மன் கோயிலில் கூட்டம் அதிகம். அம்மனைக் கூட்டத்தோடு பார்க்க விரும்புகிறவர்கள் அன்றே போகலாம், மற்றவர்களுக்குப் புதனோ வியாழனோ வசதி. தமிழ் வழிகாட்டிக்கு அந்த இரண்டு நாள்களையும் சொல்லி, உறவினரின் விமானச் சீட்டு உறுதியான அன்றே கேட்டு வைத்துவிடுவது நல்லது.